பெயர் மாறியபின் ஆள் வந்த பெஞ்சு: ஹராரேயிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மனம் தளர்ந்தவர்கள் வந்து உட்கார்ந்து, பயிற்சி பெற்ற பாட்டிகளிடம் பேசுவதற்காகப் போட்ட ஒரு பெஞ்சு. முதலில் அதற்கு வைத்திருந்த பெயர் 'மனநல பெஞ்சு'. கிளினிக் வளாகத்தில், மரத்தடியில், போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் போட்டிருந்தார்கள். ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு ஒருத்தி இன்னொருத்தியிடம் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினால் போதும், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அவளுக்குக் கைமாற்று கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

பெயரை மாற்றச் சொன்னவர்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்த பாட்டிகள். ஜிம்பாப்வேயில் பேசும் ஷோனா மொழியில் 'சிகாரோ செகுபனமஸானோ' என்று வைத்தார்கள். சிகாரோ என்றால் இருக்கை, மஸானோ என்றால் யோசனைகள். நடுவில் இருக்கும் 'குபனா' ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதைச் சொல்கிற வினை. ஒருவர் தர இன்னொருவர் கைநீட்டி வாங்கும் பேச்சே அதில் இல்லை. ஆங்கிலத்தில் இது 'ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச்' ஆகி உலகம் சுற்றிவிட்டது. அந்தப் பெயரும் அழகுதான். ஆனால் அங்கே நடக்கும் வேலையைச் சரியாகச் சொல்வது பாட்டிகள் வைத்த பெயர். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவதும் ஏறக்குறைய அதைச் சுற்றித்தான்.

14 பாட்டிகள், ஒரு மரத்தடி

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே. அதன் பழைய தொழிலாளர் குடியிருப்பு ம்பாரே. பெரிய காய்கறிச் சந்தை, வெளியூர் பஸ் நிலையம் எல்லாம் அங்கேதான். 2005 மே மாதம் அரசு 'முரம்பட்ஸ்வினா' என்று ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. குப்பையை அகற்றுவது என்று பொருள். அகற்றியதென்னவோ குடிசைகளையும் ஒண்டுக்கொட்டகைகளையும் நடைபாதைக் கடைகளையும். அதைப் பார்வையிட வந்த ஐ.நா. சிறப்புத் தூதர் அன்னா திபைஜுகாவின் அறிக்கைப்படி ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ, அல்லது இரண்டையுமோ இழந்தார்கள். ஏற்கெனவே எச்.ஐ.வி. வீட்டுக்கு வீடு புகுந்திருந்த நாடு. அடுத்த மூன்றாண்டுகளில் பணமும் செத்தது. 2008 ஜூலையில் அரசே ஒப்புக்கொண்ட பணவீக்கம் 23 கோடி சதவீதம். 2009 ஜனவரியில் 100 லட்சம் கோடி டாலர் நோட்டு அச்சடித்தார்கள்.

அந்தக் காலத்தில் அந்த நாட்டில் வேலைபார்த்த மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. 2005 வாக்கில் அவரிடம் சிகிச்சையில் இருந்த இளம்பெண் ஒருவர் வெளியூரில் தற்கொலைக்கு முயன்று அங்குள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடம்பு தேறியதும் ஹராரேக்கு அழைத்துவரச் சொன்னார் சிபாண்டா. வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணின் தாய் போன் செய்தார், மகள் போய்விட்டாள் என்று. ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டதற்கு அந்தத் தாய் சொன்ன பதிலை சிபாண்டா பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை.

2006இல் ம்பாரேயில் ஏதாவது செய்யலாம் என்று அவர் போய்க் கேட்டபோது சுகாதார அதிகாரிகள் கையை விரித்தார்கள். நர்ஸுகளுக்கு எச்.ஐ.வி.யும் பிரசவமும் குழந்தைகளுமே தலைக்குமேல் வேலை. ஒதுக்க ஓர் அறைகூட இல்லை. வேண்டுமானால் இந்த 14 பாட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள், வெளியே இடம் இருக்கிறது என்றார்கள். படித்துப் பட்டம் வாங்கிய ஒரு டாக்டருக்கு அது எப்படி இருந்திருக்கும்? தனக்கு ஆரம்பத்தில் நம்பிக்கையே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

செய்திகளில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு விவரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பாட்டிகள் தெருவில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. 'அம்புயா உதானோ', அதாவது சுகாதாரப் பாட்டி என்று ஊரில் அழைக்கப்பட்ட நகர சுகாதாரப் பணியாளர்கள். யார் வீட்டில் காசநோய் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், எந்தச் சந்தில் சாக்கடை அடைத்திருக்கிறது, எந்த வீட்டில் மருமகள் திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதெல்லாம் நடந்து நடந்தே தெரிந்துவைத்திருந்தவர்கள். பெஞ்சு வருவதற்கு முன்பே அந்தத் தெருக்களின் கதவுகள் அவர்களுக்குத் திறந்திருந்தன.

அதிகமாக யோசிப்பது

ஷோனாவில் மனச்சோர்வுக்கு நேர்ச்சொல் கிடையாது. கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொல்லும் சொல் 'குஃபுங்கிசிசா'. அளவுக்கு மீறி யோசிப்பது. நம்மூர் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் இதன் சகோதரச் சொற்கள் எல்லாம் காதில் விழும்: ஒரே யோசனையா இருக்கு, மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, நெஞ்சு படபடங்குது, ராத்திரி கண்ணு மூட முடியல. மருத்துவம் இவற்றைப் பெரும்பாலும் அறிகுறிப் பட்டியலில் தள்ளிவிட்டு உண்மையான பெயரை வேறெங்கோ தேடும்.

ஹராரேயில் அப்படித் தள்ளாமல் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் நம்மவர். மும்பையில் பிறந்து பின்னாளில் கோவாவில் 'சங்கத்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் விக்ரம் படேல். 1990களில் ஹராரேயில் இருந்தபோது அவரும் உள்ளூர்க் குழுவினரும் சேர்ந்து மக்கள் தங்கள் வேதனையை எந்த வார்த்தைகளில் சொல்கிறார்கள் என்று சேகரித்து, அதிலிருந்து 14 கேள்விகளைச் செதுக்கினார்கள். எல்லாமே போன ஒரு வாரத்தைப் பற்றியவை, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. அதிகமாக யோசித்தீர்களா? சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா? கெட்ட கனவு வந்ததா? வயிறு வலித்ததா? சின்னதற்கெல்லாம் பயந்தீர்களா? தூக்கம் கெட்டதா? வாழ்க்கை பாரமாகி அழுகை வந்ததா, அழ வேண்டும்போல இருந்ததா? கைவேலை பின்தங்கிப் போனதா? எதைச் செய்வது என்று முடிவெடுக்கத் திணறினீர்களா? செத்துப்போகலாம் என்று தோன்றியதா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்பதுதான் ஆய்வுகளில் தெரியவந்தது. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் மூச்சு விட்டதுபோல ஆகிறது. (உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படித் தோன்றினால் தமிழ்நாட்டில் 104, இந்தியாவில் எங்கிருந்தும் 14416. ராத்திரி பகல் பார்க்க வேண்டாம்.)

வயிற்றுவலியும் பின்தங்கிய வேலையும் ஒரே தாளில் இருப்பதைக் கவனியுங்கள். உனக்கு மனநோய் இருக்கிறதா என்று அந்தத் தாள் எங்கேயும் கேட்கவில்லை. பெஞ்சின் பெயரை மாற்றிய அதே புத்திதான் இதிலும் வேலை செய்கிறது.

பெஞ்சில் நடப்பது

பாட்டிகளுக்குக் கொடுத்த பயிற்சி இரண்டு வாரம்கூட இல்லை. அவர்கள் கற்றுக்கொண்ட முறைக்குப் புத்தகங்களில் பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை என்று பெயர். பெஞ்சில் அதை மூன்று ஷோனா சொற்களில் பிரித்துக்கொண்டார்கள். 'குவுரா ஃபுங்வா', மனத்தைத் திறப்பது. 'குசிமுத்ஸிரா', தூக்கி நிறுத்துவது. 'குசிம்பிசா', வலுப்படுத்துவது. மொத்தம் ஆறு சந்திப்புகள். முதல் முறை நீளும், பிறகு குறையும்.

ஒரு உதாரணத்தை நானே கட்டிச் சொல்கிறேன், யாருடைய உண்மைக் கதையும் இல்லை. சந்தையில் தக்காளி விற்கும் ஒரு பெண். கணவர் இல்லை. 14 கேள்விகளில் 11க்கு ஆம் என்கிறார். பாட்டி தாளை மடித்துவைத்துவிட்டு, என்னம்மா நடக்கிறது, சொல் என்கிறார். வாடகை மூன்று மாதம் பாக்கி. மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டவில்லை. தனக்கு எச்.ஐ.வி. இருப்பது கூடப்பிறந்த அக்காவுக்குத் தெரியாது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடிகிறவரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது. எல்லாவற்றையும் கொட்டி முடித்தபிறகு பாட்டி கேட்பது ஒரே கேள்வி: இதில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம்?

நானோ நீங்களோ ஒரு டாக்டரோ அங்கே இருந்தால் எச்.ஐ.வி.யைத்தான் முதலில் எடுப்போம். அந்தப் பெண் வாடகை என்கிறார். சரி, வாடகை. என்ன செய்யலாம் என்று தோன்றுகிறது? அவர் நாலு வழி சொல்கிறார், அதில் இரண்டு நடக்காது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். மிச்சமிருப்பதில் ஒன்று, வீட்டுக்காரரிடம் போய் பாதிப் பணத்தைக் கொடுத்துத் தவணை கேட்பது. எந்தக் கிழமை? வியாழன். எத்தனை மணிக்கு? அவர் காலையில் நல்ல முகத்தோடு இருப்பார். என்ன சொல்லித் தொடங்குவாய்? சொல்லிப் பார்க்கிறார், பெஞ்சிலேயே, பாட்டியை வீட்டுக்காரராக வைத்துக்கொண்டு.

அடுத்த வாரம் திரும்பி வருகிறார். வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார். அதனால் என்ன, பட்டியலை மறுபடி எடுக்கிறார்கள். ஆனால் ஒரு வாரத்துக்கு முன் மலைபோல நின்ற வாடகை, இப்போது வியாழக்கிழமை காலையில் ஒரு முறை முட்டிப் பார்த்த வாடகை. கூரையைப் பார்த்துப் படுத்திருந்தபோது இருந்ததற்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசத்தைத்தான் அந்தச் சிகிச்சை நம்பியிருக்கிறது.

பாட்டிகளுக்கு இதில் கஷ்டமான பாடம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். வயசானவர்களுக்கு அறிவுரை நாக்கு நுனியில் இருக்கும். ஷோனா குடும்பங்களில் அப்பாவின் உடன்பிறந்தாளுக்கு 'தேத்தே' என்று பெயர். கல்யாணம், தாம்பத்தியம், வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் வழி சொல்லும் உரிமை அவளுக்கு முறைப்படியே உண்டு. நம் அத்தைக்குச் சீரும் முறையும். அங்கே அத்தைக்குக் கூடவே ஆலோசகர் வேலையும். அப்படிப்பட்ட மரபில் வளர்ந்த பெண்களிடம், நீங்கள் வழி சொல்லாதீர்கள், எதிரில் இருப்பவள் சொல்லும்வரை காத்திருங்கள் என்றால் எளிதா? உன் வயசில் நான் ஏழு பிள்ளை பெற்றேன் என்று தொடங்கத்தான் செய்யும். ஷோனாவிலும் தமிழிலும் அந்த வாக்கியத்துக்கு ஒரே சுருதி. எல்லாம் சரியாயிடும், இதுக்குப் போயா, கடவுள் இருக்கார் என்று நாம் அன்போடு சொல்லும் சொற்கள் பலவும் கேட்பவரின் வாயை மெல்ல மூடிவிடுகிறவை. துக்க வீடுகளில் நான் அதைச் சொல்லியும் இருக்கிறேன், சொல்லக் கேட்டும் இருக்கிறேன். எதிரில் இருந்தவர் தலையாட்டுவார், பேச்சு அதோடு நின்றுவிடும்.

'பாட்டியின் அன்பு மனச்சோர்வைக் குணமாக்கியது' என்று இந்தக் கதையை உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அன்பு இல்லாமல் அந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தெருக்களில் அன்பு புதிதாக எங்கிருந்தும் வந்து இறங்கவில்லை, முன்பும் இருந்தது. புதிதாக வந்தவை ஒரு தாள், ஒரு வரிசை, ஆறு என்ற எண்ணிக்கை, பாட்டிக்குத் தாங்காத விஷயம் வந்தால் யாரிடம் அனுப்புவது என்ற தெளிவு, பாட்டிகளோடு உட்கார்ந்து போன வாரம் நடந்ததைப் பேசும் மேற்பார்வையாளர். இரக்கத்துக்குக் கரை கட்டிவிட்டார்கள். கரை இருந்ததால்தான் பாட்டிகளும் மூழ்காமல் பிழைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து பேருடைய வீட்டுச் சுமையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்க வேண்டுமே.

573 பேர்

நல்ல கதைகளுக்குப் பஞ்சமில்லை. சோதித்துப் பார்த்த கதைகள் குறைவு. சிபாண்டா குழுவினர் சோதித்தார்கள். ஹராரேயின் 24 கிளினிக்குகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பெஞ்சு. மறு பாதியில் வழக்கமான கவனிப்பைக் கொஞ்சம் கூட்டி: நர்ஸ் பார்ப்பார், நிலைமையை விளக்குவார், தேவையென்றால் மாத்திரைக்கோ மேல்சிகிச்சைக்கோ வழி செய்வார். அந்த 14 கேள்விகளில் 9 அல்லது அதற்கு மேல் ஆம் சொன்ன 573 பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் 521 பேரை மறுபடி தேடிப் பிடித்துக் கேட்டார்கள். வாடகை கட்ட முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஊரில் பத்தில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்ததே சாதனைதான்.

முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் வந்தது. 14 கேள்விகளுக்கு ஆம் சொன்ன சராசரி, பெஞ்சுக் குழுவில் 4க்குக் கீழே இறங்கியிருந்தது. மற்றக் குழுவில் 9ஐ ஒட்டியே நின்றது. மனச்சோர்வு அறிகுறிகள் இன்னும் இருந்தவர்கள் பெஞ்சுக் குழுவில் 13.7 சதவீதம், மறு குழுவில் 49.9 சதவீதம்.

மறு குழுவைக் கவனிக்காமல் விடக்கூடாது. அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லாத சிகிச்சை அல்ல. நர்ஸ், விளக்கம், மாத்திரைக்கு வழி எல்லாம் இருந்தும் பாதிப்பேர் ஆறு மாதம் கழித்து அப்படியேதான் இருந்தார்கள்.

வந்தவர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் எச்.ஐ.வி. உள்ளவர்கள். 86 சதவீதம் பெண்கள். இந்த இரண்டாவது எண்ணில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். ஆண்கள் எங்கே போனார்கள்? பகல் நேரத்தில் கிளினிக்குக்கு வருகிறவர்களே அதிகம் பெண்கள்தான், பிள்ளைக்குத் தடுப்பூசி, தனக்கு மாத்திரை என்று. தன் தாய் வயதுக்காரியிடம் வேலை போனதைச் சொல்லி அழ எத்தனை ஆண்களால் முடியும் என்பது இன்னொன்று. பெஞ்சுக்குப் பெயர் மாற்றியது போல ஆண்களுக்கும் ஏதோ ஒன்றை மாற்ற வேண்டியிருக்கும். அது சாராயக்கடை வாசலாகவும் இருக்கலாம், பஸ் டிரைவர்கள் டீ குடிக்கும் இடமாகவும் இருக்கலாம்.

ஆறு சந்திப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிடவும் இல்லை. 'குபதானா தோசே' என்று ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் கைகோத்திருப்பது என்று பொருள். பெஞ்சை முடித்த பெண்கள் அங்கே கூடி, பழைய பிளாஸ்டிக்கை இழையாக்கிக் கொக்கி ஊசியால் பை பின்னுகிறார்கள். பேச்சும் நடக்கிறது, கையும் நடக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாதபோது வாய் எவ்வளவு தாராளமாகத் திறக்கும் என்று கீரை ஆய்ந்த எவருக்கும் தெரியும். பையை விற்றால் கொஞ்சம் காசும் உண்டு. இந்த வட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் பெஞ்சுக்குச் சமமான பாதி இதுதான்.

ஆய்வுக்குப் பிறகு பெஞ்சு ஹராரேயைத் தாண்டி சிட்டுங்விசா, க்வேரு நகரங்களுக்குப் போனது. மலாவி, ஜான்ஸிபார், நியூயார்க் என்று எல்லை தாண்டியது. 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் 32 அணிகளுக்கும் ஒன்றாக 32 பெஞ்சுகளை அடையாளமாக வைத்தார்கள். அடையாள பெஞ்சில் பாட்டி கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு இடம் இருந்திருக்குமா?

ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்ற பகுதியை அதிகம் பேர் படிப்பதில்லை. தற்கொலைக்குத் திட்டமிட்டிருப்பவர்கள், மனம் பிறழ்ந்த நிலையில் இருப்பவர்கள், ஏற்கெனவே மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோரைச் சேர்க்கவில்லை. அது நியாயம்தான், அப்படிப்பட்டவரைப் பாட்டியிடம் மட்டும் விட்டுவைக்கக் கூடாது.

ஆனால் இந்த பெஞ்சு உருவாகக் காரணமாக இருந்த அந்த இளம்பெண், சிபாண்டாவிடம் சிகிச்சையில் இருந்தவர். ஒருமுறை முயன்றவர். இந்த விதிகளை வைத்துப் பார்த்தால் ஆய்வின் 573 பேரில் அவர் இருந்திருக்க முடியாது. அவருக்கு அந்த அளவு முற்றுவதற்கு முன்னால், ஒரே யோசனையாக இருக்கிறது என்று தொடங்கிய ஏதோ ஒரு மாதத்தில், நடந்துபோகும் தூரத்தில் ஒரு பெஞ்சு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். பெஞ்சின் வேலை அந்த மாதத்துக்கானது.

அதைத் தாண்டிவிட்டவர் இன்று வந்து உட்கார்ந்து, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்னால், பாட்டி தாளை மடித்துவைப்பதில்லை. எழுந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு உள்ளே போய் நர்ஸிடமும் மேற்பார்வையாளரிடமும் விடவேண்டும். அங்கிருந்து மனநல மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே போகப் பஸ் ஏற வேண்டும்.